ஆதரியுங்கள், ஆனால் சொல்லாதீர்கள்

1

கோலாலம்பூருக்கு நான் வந்து இந்த வாரத்தோடு பன்னிரண்டு வருடம் முடிகிறது. இதை நானாக நினைவில் வைத்திருக்கவில்லை. வேலை பாஸைப் புதுப்பிக்கும் படிவத்தில் 'முதன்முதலாக நாட்டுக்குள் நுழைந்த நாள்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அதை நிரப்பும்போது, அடேயப்பா இத்தனை வருடமா என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். "என்ன, எழுத்து மறந்துபோச்சா?" என்பாள் மாலதி, என் மனைவி. நிரப்பிவிடுவேன்.

அங்கே என்னதான் வேலை பார்க்கிறாய் என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். ஏழு நாட்டு அரசாங்கங்கள் சேர்ந்து நடத்தும் ஒரு செயலகம். பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி, இணையம் இதற்கெல்லாம் கொள்கை வகுப்பதில் அரசாங்கங்கள் எப்படி ஒத்துழைப்பது, மக்களின் கருத்துச் சுதந்திரத்தை எப்படிப் பேணுவது என்று கூடிப் பேசுவார்கள். பேசியதை எழுதி, அச்சடித்து, கோப்பில் போடுவது நான். எந்த ஏழு நாடுகள் என்று எழுத எனக்கு அனுமதி இல்லை. அனுமதி வேண்டுமென்றால் ஏழு பேரையும் கேட்க வேண்டும். அவர்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள் தாரிணிக்குக் கல்யாணமே ஆகிவிடும்.

தாரிணி என் மகள். பதினேழு வயது. இந்தக் குறிப்பே அவளைப் பற்றியதுதான். ஆனால் அதற்கு முன்னால் எங்கள் அலுவலக வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அதன் பெயர் மௌன நடைமுறை. நான் கட்டிவிட்ட கதை இல்லை, அரசாங்கங்கள் சேர்ந்து வேலை பார்க்கும் இடங்களில் நிஜமாகவே இருக்கிற வழக்கம். ஒரு வரைவைத் தயாரித்து எல்லா நாடுகளுக்கும் அனுப்புவோம். கூடவே ஒரு வரி: 'வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் யாரும் மௌனத்தைக் கலைக்காவிட்டால் இது ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும்.' யாரும் கை தூக்க வேண்டாம், கையெழுத்துப் போட வேண்டாம். சும்மா இருந்தால் போதும். எங்கள் செயலகத்தின் கையேட்டில் இன்னும் இரண்டு விதிகள் உண்டு. எழுத்தில் எது வந்தாலும் மௌனம் கலைந்தது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்னது எதுவும் செல்லாது, ஏனென்றால் அதைக் கோப்பில் போட முடியாது.

போன திங்கட்கிழமை நாங்கள் அனுப்பியது கருத்துச் சுதந்திரத்துக்கான கூட்டறிக்கை. இரண்டு வருடச் சண்டை. முதல் பத்தியில் இருந்த 'சுதந்திரம்' மூன்றாம் பத்திக்குப் போய், அங்கிருந்து அடிக்குறிப்புக்கு இறங்கி, போன மாதம்தான் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி மேலே ஏறி வந்தது. இனி ஐந்து நாள் ஏழு நாடுகளும் வாயைத் திறக்காமல் இருந்தால், ஏழு நாட்டு மக்களும் வாயைத் திறக்கலாம் என்று ஆகிவிடும். அவ்வளவுதான் பாக்கி.

2

இந்த நடைமுறையை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது முதலில் விளையாட்டாகத்தான். எங்கள் மூன்று பேருக்கும் கைப்பேசியில் ஒரு குரூப் உண்டு. 'ஞாயிறு மதியம் கிள்ளானில் வாழை இலைச் சாப்பாடு. சனி மாலை ஆறு மணிக்குள் ஆட்சேபம் வராவிட்டால் ஏற்கப்பட்டதாகும்' என்று போட்டேன். சிரித்தார்கள். கையேட்டின் இரண்டு விதிகளும் வீட்டுக்கும் பொருந்தும் என்று அறிவித்தேன். அப்புறம் திரைச்சீலை நிறம், தீபாவளிக்கு ஊருக்குப் போவது, தாரிணியின் டியூஷன் எல்லாமே இப்படி ஏறிவிட்டது. மாலதி சமையலறையிலிருந்து கத்துவாள். "வாய்மொழி செல்லாது" என்பேன். எழுதி ஆட்சேபித்தால் காரணம் இணைக்க வேண்டும், காரணத்தைச் செயலகம் பரிசீலிக்கும். செயலகம் யார்? நான்தான். இதுவரை ஒரு காரணமும் தேறியதில்லை. எங்கள் வீட்டில் சண்டையே கிடையாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை பேசிக்கொண்டு திரிந்தேன்.

தாரிணி ஐந்து வயதில் இங்கே வந்தவள். நாங்கள் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸ் அடுக்ககத்தின் லிஃப்டில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் கலக்கி, கடைசியில் இந்த ஊர் வழக்கப்படி ஒரு 'லா' சேர்த்துப் பேசுவாள். போன வருடம் மதுரையில் பரோட்டாக் கடையில் நின்று, "அண்ணே, மூணு தப்பாவ் பண்ணுங்க" என்றாள். பார்சலுக்கு இங்கே அதுதான் சொல். கடைக்காரர் என்னைப் பார்த்தார். "வெளிநாடு" என்றேன், ஏதோ வியாதியின் பெயரைச் சொல்வதுபோல. அவள் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. நான் அதையும் ஆட்சேபமாக எடுத்துக்கொள்ளவில்லை.

கிள்ளான் கோலாலம்பூரை ஒட்டிய துறைமுக ஊர்; ஞாயிறுதோறும் அங்கே சாப்பிட்டு முடித்ததும் துறைமுகப் பக்கம் போய் உட்காருவோம். அவள் கைப்பேசியைப் பார்ப்பாள், நிமிர்ந்து கடலைப் பார்ப்பாள், மறுபடி கைப்பேசி. இந்தப் பிள்ளை நம் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். என் வேலை ஒப்பந்த வேலை. நாளைக்கே போ என்றால் பெட்டியைக் கட்ட வேண்டியவன். என் பாஸில் ஒட்டிக்கொண்டு அவள் எத்தனை நாள் இருக்க முடியும்? அவளுக்கென்று ஓர் இடம் வேண்டாமா? கோவைக்கு அனுப்பலாம் என்று தைப்பூசத்துக்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன்; அங்கே என் அக்காவுக்கு வாக்கும் கொடுத்து, அவளும் மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்துவிட்டாள்.

அதனால் அதே திங்கட்கிழமை, அலுவலகத்தில் கூட்டறிக்கையை அனுப்பிய கையோடு, குடும்பக் குரூப்பிலும் ஒன்றைப் போட்டேன். 'பரீட்சை முடிந்ததும் தாரிணி கோவை போகிறாள். என் அக்கா வீட்டில் தங்கி இன்ஜினியரிங் படிப்பாள். வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் ஆட்சேபம் வராவிட்டால் ஏற்கப்பட்டதாகும்.'

செவ்வாய்க்கிழமை காலை தோசை சாப்பிடும்போது, "பா, கோயம்புத்தூர்லாம் வேணாம்பா" என்றாள்.

"வாய்மொழி செல்லாது. காரணத்தோட குரூப்புல போடு" என்றேன். சிரித்தேன். அவள் சிரித்தாளா என்று பார்க்கவில்லை.

புதன், வியாழன் இரண்டு நாளும் குரூப்பில் ஒரு எழுத்துக்கூட வரவில்லை.

3

இந்த இடத்தில் மதுரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே வருவதற்கு முன் ஒரு மாலைப் பத்திரிகையில் துணையாசிரியராக இருந்தேன். தலைப்புப் போடுவதில் கெட்டிக்காரன் என்று பெயர். ஜெயந்தி என்று ஒரு நிருபர் இருந்தார். ஒரு கண்மாய்க் கரையைச் சமப்படுத்தி மனை போட்டு விற்கிறார்கள் என்று ஆவணங்களோடு செய்தி கொண்டுவந்தார். நான் படித்துவிட்டு, துள்ளிக் குதித்து, ஒரு தலைப்புப் போட்டேன். பக்கமும் தயார்.

விற்றவர் முதலாளியின் மச்சினர் என்பது பத்தரை மணிக்குத் தெரிந்தது. ஆசிரியர் எங்கள் ஐந்து பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். ரொம்ப மரியாதையாகப் பேசினார். "இந்தச் செய்தி இன்னிக்கு வேண்டாம்னு நினைக்கிறேன். யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்றார். தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டது. ஜெயந்தி எதிரே நின்றுகொண்டிருந்தார். மற்றவர்களைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். தலைப்புப் போட்டவன் நான் அல்லவா? நான் மேஜைமேல் இருந்த கோந்துப் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"சரி, அப்ப எல்லாருக்கும் சம்மதம்" என்றார் ஆசிரியர். அந்த வாரமே ஜெயந்தி வேலையை விட்டுவிட்டார்.

நான் விடவில்லை. இன்னும் ஒரு வருடம் அங்கேயே இருந்தேன். அப்புறம் இந்த வேலை கிடைத்தது. கருத்துச் சுதந்திரத்துக்காக வெளிநாடு போகிறான் நம்ம ஆள் என்று சொல்லி மாலை போட்டு அனுப்பினார்கள். அந்த மாலையோடு எடுத்த புகைப்படம் இன்னும் வீட்டில் இருக்கிறது. அதைச் சுவரில் மாட்ட வேண்டும் என்று மாலதி சொல்லும்போதெல்லாம் ஆணி இல்லை என்று சொல்லிவிடுவேன். வெட்கமாக இருக்கிறது, வேறென்ன?

4

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி இருபது நிமிடம். ஆறு நாடுகள் அருமையாக மௌனம் காத்துக்கொண்டிருந்தன. எங்கள் இயக்குநர் மேடம் கேக் ஆர்டர் செய்திருந்தார். அலுவலக ஓட்டுநர் குணா அண்ணன் கேக்கை எடுத்துவந்து என் மேஜையில் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து கறிபாப் ஒன்றை, நம் ஊர் பஃப் மாதிரி, தின்றுகொண்டிருந்தார். கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அப்படியும் என்னை சார் என்றுதான் கூப்பிடுவார்.

ஏழாவது நாட்டிலிருந்து மின்னஞ்சல் வந்தது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு நல்ல மனிதர் எழுதியிருந்தார்: 'மிகச் சிறப்பான அறிக்கை. எங்கள் அரசாங்கம் இதை முழு மனதோடு ஆதரிக்கிறது.'

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"என்னா சார், வேணாம்னு சொல்லிட்டானா?"

"இல்லண்ணே. வேணும்னு சொல்லிட்டாரு."

"நல்லதுதானே லா? அதுக்கு ஏன் மொகத்த இப்படி வெச்சிருக்கீங்க?"

"எழுதிச் சொல்லிட்டாரே. மௌனம் கலைஞ்சுபோச்சு."

குணா அண்ணன் கறிபாப்பைக் கீழே வைத்தார். "ஆமான்னு சொன்னாக்கூட தப்பா?"

"எது சொன்னாலும் தப்பு."

மேடம் ஓடி வந்தார். கையேட்டைப் புரட்டினோம். 'எந்த வகையான எழுத்துத் தொடர்பும்' என்று தெளிவாக இருந்தது. அந்த விதியை எழுதியது நான்தான், முன்பொரு நாள் உற்சாகத்தில். மேடம் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுத வேண்டியதில்லை. அந்த மனிதரை ஃபோனில் பிடித்து, ஆதரவைத் திரும்பப் பெறச் சொல்லும்படி உத்தரவிட்டார்.

பிடித்தேன். ஆங்கிலத்தில் நடந்த பேச்சைத் தமிழில் தருகிறேன்.

"ஐயா, நீங்கள் ஆதரித்ததைத் தயவுசெய்து திரும்பப் பெற முடியுமா?"

"ஏன்? அறிக்கையில் ஏதாவது தவறா?"

"ஒரு தவறும் இல்லை. நீங்கள் ஆதரிக்க வேண்டும் என்றுதான் எங்களுக்கும் ஆசை."

"ஆதரிக்கிறேன் என்றுதானே எழுதினேன்?"

"அதுதான் சிக்கல். ஆதரியுங்கள், ஆனால் சொல்லாதீர்கள்."

அவர் மனம் புண்பட்டுவிட்டது என்று குரலிலேயே புரிந்தது. "சரி, நான் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். வாய்மொழி செல்லாது, எழுதித் தர வேண்டும் என்றேன். பாவம், உடனே எழுதினார். 'எங்கள் ஆதரவைத் திரும்பப் பெறுகிறோம்.' எழுதியதை ஏழு நாடுகளுக்கும் சேர்த்து அனுப்பிவிட்டார்.

இரண்டாவது தடவையும் மௌனம் கலைந்தது. அது போதாதென்று இன்னொரு நாடு, 'ஆதரவு திரும்பப் பெறப்பட்டதன் காரணத்தை அறிய விரும்புகிறோம்' என்று கேட்டது. அடுத்த நாடு, அந்தக் கேள்வியில் தங்களுக்கும் அக்கறை உண்டு என்றது. நாலாவதாக ஒரு நாடு, 'எங்களுக்குக் கருத்து எதுவும் இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று இரண்டு பக்கத்தில் கடிதம் போட்டது. இரண்டு வருடத்தில் இவர்கள் இவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை.

"திங்கட்கிழமை முதலிலிருந்து" என்றார் மேடம். "இந்தத் தடவை கடிதத்தில் இன்னொரு வரி சேருங்கள். ஆதரவு இருந்தால் அதைத் தெரிவிக்க வேண்டாம்." கேக்கைக் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாலு மணி ஐம்பத்தெட்டுக்கு என் கைப்பேசி துடித்தது. குடும்பக் குரூப். தாரிணி. ஒரே ஒரு சொல்: 'சரி.'

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "அண்ணே, மகள் ஒத்துக்கிட்டா! கோயம்புத்தூர் போறேன்னுட்டா!" என்று குணா அண்ணனிடம் நீட்டினேன். எங்கள் வீட்டு நடைமுறை அவருக்குத் தெரியும். நான்தான் பெருமை பேசியிருக்கிறேனே.

அவர் படித்தார். இன்னொரு தடவை படித்தார். "சார், எழுதிட்டாளே" என்றார். "அப்ப இதுவும் கோசோங்தானே?"

கோசோங் என்றால் மலாயில் வெறுமை, பூஜ்யம், ஒன்றுமில்லை. இங்கே சர்க்கரை போடாத காப்பிக்கும் அதே சொல்தான்.

5

பிரிக்பீல்ட்ஸுக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. வீட்டில் தாரிணி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அவள் எனக்காகக் காத்திருந்து எத்தனை காலமாகிறது!

"பா, நான் எழுதிட்டேன். அப்ப செல்லாதுதானே?"

"சரின்னுதானம்மா எழுதியிருக்க?"

"எது எழுதினாலும் கலைஞ்சிரும். நீங்கதானே சொன்னீங்க."

"வேண்டாம்னா வேண்டாம்னே போட்டிருக்கலாமே."

"போட்டா? காரணம் கேப்பீங்க. ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பதில் வெச்சிருப்பீங்க. டியூஷனுக்கு நாலு காரணம் எழுதினேன், ஒண்ணும் தேறல. ஆட்சேபத்துக்குத்தான் காரணம் வேணும். சரிக்கு வேணாம் லா."

ஏழு நாட்டு அதிகாரிகள் கண்டுபிடிக்காத ஓட்டையை என் மகள் கண்டுபிடித்திருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. அதற்கு அடியில் ஒரு சந்தோஷமும் வந்தது, அதை அப்போது காட்டிக்கொள்ளவில்லை.

"என்கிட்ட நேரா சொல்லிருக்கலாம்ல?" என்றேன்.

"சொன்னேன்பா" என்றாள். "தோச சாப்பிடறப்ப சொன்னேன். அதுக்கு முன்னாடி கார்ல சொன்னேன். தைப்பூசத்துக்கு பத்துமலையில படி ஏறறப்பகூட சொன்னேன். ஒவ்வொரு வாட்டியும் வாய்மொழி செல்லாதுன்னு சிரிச்சீங்க. நீங்க மட்டும்தான் சிரிச்சீங்க."

நான் நின்றுகொண்டே இருந்தேன். மேஜைமேல் ஊறுகாய்ப் புட்டி இருந்தது. என் கை அதன் மூடியைத் திருகிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன். உட்கார்ந்தேன்.

"சொல்லு" என்றேன். "நீ முடிக்கிற வரைக்கும் நான் வாயத் திறக்கல."

ஒரு மணி நேரம் பேசினாள். கைப்பேசியில் ஒரு வரைபடத்தைக் காட்டினாள். கடல் முழுக்கச் சின்னச் சின்ன அம்புக்குறிகள். ஒவ்வொன்றும் ஒரு கப்பல். கிள்ளான் துறைமுகத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். எந்தக் கப்பல் எங்கிருந்து வருகிறது, என்ன ஏற்றியிருக்கும், எங்கே போகும் என்று பார்ப்பாள். நிமிர்ந்து நிஜக் கப்பலைப் பார்ப்பாள். பெயர் சரியாக இருந்தால் அவளுக்கு அன்றைக்குப் பூராவும் சந்தோஷமாக இருக்குமாம். கிள்ளானிலேயே ஒரு கல்லூரியில் சரக்குப் போக்குவரத்துப் படிப்பு இருக்கிறது. மாணவர் பாஸ் எப்படி எடுப்பது, எந்தப் படிவம், எத்தனை புகைப்படம் எல்லாம் விசாரித்து வைத்திருந்தாள். நான் நிரப்பாத கட்டங்களைக்கூட நிரப்பியிருந்தாள்.

"எனக்கு மூணு மாசம் முன்னாடியே தெரியும்" என்றாள் மாலதி, சமையலறை வாசலில் நின்றபடி.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே. வாய்மொழிதான். செல்லாதே!"

6

அன்று இரவே தாரிணி குரூப்பில் அவளுடைய வரைவைப் போட்டாள். அவள் தமிழை எப்போதும் ஆங்கில எழுத்தில்தான் அடிப்பாள். அன்றைக்கு அரை மணி நேரம் தேடித் தேடித் தமிழ் எழுத்திலேயே அடித்திருந்தாள், இரண்டு பிழைகளோடு. 'நான் கிள்ளானில் படிக்கிறேன். நாளை மாலை ஐந்து மணிக்குள் யாரும் மௌனத்தைக் கலைக்காவிட்டால் ஏற்கப்பட்டதாகும்.'

சனிக்கிழமை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காலையில் பாசாரில், அதாவது சந்தையில், மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது, 'ஆனால் என் ஒப்பந்தம் முடிந்துவிட்டால்?' என்று தட்டினேன். அழித்தேன். முடிவெட்டும் கடையில் உட்கார்ந்து, 'அக்காவிடம் வாக்குக் கொடுத்துவிட்டேனே' என்று தட்டினேன். அழித்தேன். மதியம் மூன்று மணிக்கு ஒன்றும் தட்டாமல் கைப்பேசியை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டேன். மாலதி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஐந்து மணி ஆனது. மௌனம் கலையவில்லை. வரைவு ஏற்கப்பட்டது.

ஆனால் எனக்கு நிம்மதியாக இல்லை. சும்மா இருந்து ஒரு காரியத்தை நிறைவேற்றுவது எனக்குப் பழக்கமான வேலைதானே? கண்மாய்க் கரையையும் இப்படித்தான் நிறைவேற்றினேன். எழுந்து போய் அவள் அறைக் கதவைத் தட்டினேன். கட்டிலில் படுத்து அம்புக்குறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குச் சம்மதம்மா" என்றேன். "பயமாவும் இருக்கு. ஆனா முழு சம்மதம்."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வாய்மொழி செல்லாதுபா" என்றாள். பிறகு நான் உட்காருவதற்காகக் கொஞ்சம் நகர்ந்து படுத்தாள். "எழுதி அனுப்புங்க."

அதனால்தான் இதை எழுதுகிறேன். பன்னிரண்டு வருடத்தில் ஏழு நாடுகளுக்காக என்னென்னவோ எழுதியிருக்கிறேன், எனக்காக எழுதுவது இதுதான் முதல் தடவை. ஊர்ப் பத்திரிகையில் வந்தால் கோவையில் என் அக்கா படிப்பாள். அவளுக்கு இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லை. அக்கா, மன்னித்துக்கொள், மாடி அறைக்கு அடித்த சுண்ணாம்பு வீண் போகாது, நான் வந்து தங்குகிறேன். ஜெயந்தி, நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு ஆட்சேபம் இருந்தது. நேரம் கடந்துவிட்டது, தெரியும். இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும்.

தாரிணி, எனக்குச் சம்மதம். படித்துவிட்டுப் பதில் போடு. 'சரி' என்று மட்டும் போட்டுவிடாதே.